விழவா, மருமகள்?

போன கிழமை உங்களில் ஒருவர்தான் அந்தக் காணொளியை நம்முடைய பள்ளிக்கூடக் குழுவில் போட்டது. யாரென்று பார்த்து வைத்திருக்கிறேன், இங்கே சொல்லமாட்டேன். யாரோ வீட்டு அலுமாரியில் கிடந்த பழைய நாடாவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். சாயம் போய் எல்லாமே ஒரே பழுப்பு. மெலிந்த ஒரு மனிதர், தொளதொளத்த கோடு போட்ட காற்சட்டையும் வயிறு வரைக்கும் தொங்குகிற டையுமாக, ஏணியொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறார். திரும்புகிறார். ஏணியின் முனை மேசையில் இருந்த பூச்சாடியைத் தட்டுகிறது. அதைப் பிடிக்கப் போகிறார், மற்ற முனை கதிரையைத் தள்ளுகிறது. கதிரையைப் பிடிக்கப் போய்க் கடைசியில் ஒரு கால் வாளிக்குள். பிள்ளைகள் சிரித்துப் புரள்கிற சத்தம்.

அதற்குக் கீழே நீங்கள் எழுதியது அத்தனையும் வாசித்தேன். "எங்கட ரீவி மாமா!" "என்ட மாமா, இவர் இல்லாட்டி எனக்குச் சனிக்கிழமையே இல்லை." அந்தக் காற்சட்டை என்ன நிறம் என்று ஒருவர் கேட்க, சிவப்பு என்று ஒருவர் அடித்துச் சொல்ல, இல்லை மஞ்சள் என்று இன்னொருவர். போதாததற்கு எனக்குத் தனியாக வேறு ஒரு செய்தி. "மாமா உன்னோடதானே இருக்கிறார்? ஒருக்கா விழச் சொல்லி வீடியோ எடுத்து அனுப்பு, பேரப்பிள்ளைக்குக் காட்ட."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கட மாமாவாம். அவர் என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று கோயிலில் என்னைத் தூக்கி வைத்திருந்தவர். அந்தக் காற்சட்டை சிவப்புமில்லை, மஞ்சளுமில்லை. நீலமும் பச்சையும். அது என்னுடைய பெட்ஷீற். நான் படுத்த துணி.

இந்த வயதிலும் இப்படியா என்று கேட்பீர்கள். இந்த வயதிலும் இப்படித்தான். முழங்கால் தேய்ந்துவிட்டது, கண்ணில் புரை வந்துவிட்டது, பொறாமை மட்டும் அப்படியே பழுதில்லாமல் இருக்கிறது.

ரீவிக்கு வருவதற்கு முதல் மாமா எங்கள் கரையில் வலை இழுத்தவர். கல்பிட்டிப் பக்கத்துக் கரைவலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று ஆட்கள் பின்னால் பின்னால் நடந்து இழுப்பார்கள். என் அப்பா மன்றாடி, வலைக்குத் தலைவர். எப்போது இறக்குவது, எப்போது இழுப்பது என்பதெல்லாம் அவருடைய வாய்ச்சொல். மாமாவுக்கு இடம் கயிற்றின் வால் பக்கத்தில், இழுவையில் பெரிய பாரமில்லாத இடம்.

இழுக்கும்போது சில நேரம் கயிறு திடீரென்று இளகும், முழு வரிசையும் மணலில் குந்தும். எல்லாரும் ஏசிக்கொண்டு எழும்புவார்கள். மாமா மட்டும் கயிறு இளகாத நேரத்திலும் விழுவார். அவர் விழுகிற விதமே வேறு. கால் மடியாது, இடுப்பு வளையாது, கை இரண்டும் பக்கத்தில் ஒட்டியபடி, கண்ணைத் திறந்துகொண்டு பலகைபோலப் பின்பக்கமாகப் போவார். மணல் 'தொப்' என்று கேட்கும். பிறகு ஒன்றும் நடக்காதவர் மாதிரி படுத்தபடியே வெற்றுக் கையால் கயிறு இழுப்பார். பாரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற ஆட்களுக்குச் சிரிப்பில் கயிறு வருவது தெரியாது.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் கரைக்கு ஓடிப்போய்க் கவிழ்த்து வைத்த வள்ளத்தில் ஏறி இருப்பேன். என்னைக் கண்டதும் மாமா கயிற்றைப் பிடித்தபடி கேட்பார்.

"விழவா, மருமகள்?"

"விழுங்க மாமா!"

கேட்டது என்னிடம். விழுந்தது எனக்கு. சிரித்தது வேண்டுமானால் எல்லாருமாக இருக்கட்டும்.

அந்த வருஷம் சோளகக் காற்று அடங்கி வலை இறக்கத் தொடங்கிய கையோடு, கொழும்பிலிருந்து கரைவலையைப் படம் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். அப்பா பூசைக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, வேர்வை ஊற்ற ஊற்ற, காலையிலிருந்து அவர்களுக்கு எல்லாம் விளங்கப்படுத்தினார். வலையின் மடியைத் தூக்கிக் காட்டினார். நீரோட்டம் காட்டினார். படம் ரீவியில் வந்த அன்று அப்பா வெளிக்கிட்டு, ஊரில் ரீவி இருந்த ஒரே வீட்டுக்குப் போய் முன்வரிசையில் இருந்தார். அவர் சொன்ன ஒரு சொல்லும் வரவில்லை. மாமா விழுந்ததுதான் வந்தது, திரும்பவும் ஒரு தரம் மெதுவாக வந்தது. அதன் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது.

"அது நான்தான்," என்றார் அப்பா. "என்ட முழங்கையைத்தான் காட்டுறாங்கள்."

அதற்குப் பிறகு மாமாவைக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். சிறுவர் நிகழ்ச்சி நடத்த ஒருவர் வேண்டுமாம், விழத் தெரிந்தவராக இருக்க வேண்டுமாம். போட்டுப் போக நல்ல உடுப்பில்லை, வேடிக்கையான உடுப்பும் இல்லை. அம்மா என் பாயில் கிடந்த பெட்ஷீற்றை உருவி, பொழுது படுவதற்குள் அந்தக் காற்சட்டையைத் தைத்து முடித்தார். மிஞ்சிய நீளத் துண்டையும் மடித்துப் பைக்குள் வைத்தார். வலைக்காலம் முடியும் வரைக்கும் நான் வெறும்பாயில் படுத்தேன். அதில் எனக்குப் பெருமைதான். பெருமை எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்று அப்போது தெரியவில்லை.

எங்கள் ஊருக்கு அப்போது கரண்ட் வரவில்லை. மீனுக்கு ஐஸ் கொண்டுவந்து விற்கிற ஐஸ்காரர் வீட்டில் மட்டும் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை ரீவி, கார் பெற்றரியில் வேலை செய்வது. பெற்றரியைக் கல்பிட்டிக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வருவார்கள். சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வேதக்காரப் பிள்ளைகள், ஐஸ்காரர் பக்கத்துச் சோனகப் பிள்ளைகள் என்று எல்லாரும் அந்த வீட்டு நிலத்தில் நெருக்கியடித்து இருப்போம். ஐஸ்காரரின் மனைவியை நாங்கள் எல்லாரும் உம்மா என்போம். அந்த உம்மா பாண் துண்டில் சீனி தூவித் தந்துவிட்டு, "சத்தம் போடாம இரிங்க புள்ளையள், பெற்றரி கோவிச்சுக்கும்" என்பார். நாங்கள் அதை நம்பினோம்.

முதல் கிழமை மாமா வந்தார். ஏணி, வாளி, கால் ஆடுகிற கதிரை. சிரித்து என் வயிறு நொந்தது. முடியப் போகிற நேரம், அன்றைக்குப் பிறந்தநாள் உள்ள ஒரு பிள்ளையை முன்னுக்குக் கூப்பிட்டார். குனிந்து அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, என்னைப் பார்த்துக் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"விழவா, பிள்ளை?"

"விழுங்க மாமா!" என்றது அந்தப் பிள்ளை. விழுந்தார். ஐஸ்காரர் வீடு அதிர்ந்தது. என் வாய் மட்டும் மூடியிருந்தது.

அது என்னுடைய கேள்வி. அதை வைத்துக்கொண்டு போகிறேன் என்று மாமா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிழமைக்கு ஒரு பிள்ளை. ஒரு கிழமை சுருட்டை முடி, ஒரு கிழமை பல் விழுந்தவன். ஒவ்வொருவருக்கும் முழுசாக ஒரு விழுதல். ஐஸ்காரரின் கடைசி மகள் எனக்கு முன்னால் இருந்துகொண்டு, "எங்கட மாமா இப்ப விழப்போறாரு" என்று சொல்லிச் சொல்லி ஆடுவாள். ஒரு நாள் கிள்ளிவிட்டேன். இன்றைக்குச் சந்தித்தாலும் கிள்ளுவேன்.

கரையில் வலை இழுவை பாரமாகிவிட்டது. மீன் கூடவில்லை, சிரிப்புக் குறைந்துவிட்டது. ஆட்கள் கயிற்றை விட்டுக் கை உதறுகிறபோதெல்லாம், "அவன் இருந்தா தெரியாமலே வரும்" என்பார்கள். அதைக் கேட்டு அப்பாவின் முகம் இறுகும். ஊரெல்லாம் மைத்துனன் கதை. கடலைப் படித்த மன்றாடியைப் பற்றி ஒருவருக்கும் பேச்சில்லை.

"விழுறதெல்லாம் ஒரு தொழிலா?" என்பார் அம்மாவிடம். "எழும்பி நிக்கிறதுதான் தொழில். உன்ட தம்பி வேலைக்கள்ளன், அதுதான் விழுந்து பிழைக்கிறான்."

"நோகுமே," என்பார் அம்மா.

"அவனுக்கு என்ன நோகப் போகுது? விழுந்து பழகின உடம்பு."

ஊரும் அதையேதான் சொன்னது. அவன் கயிற்றடியில் நாள் முழுக்க விழுந்தவன், அவனுக்கு நோகாது. நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் கரையில் விழுந்து யாருக்குத்தான் நொந்தது?

என் பிறந்தநாளும் அந்த வலைக்காலத்துக்குள்தான் வரும். அந்த வருஷம் அது சனிக்கிழமையில் வந்தது. நான் சாப்பிடாமல் இருந்தேன், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றேன், கோயில் மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக அழுதேன். அப்பா, "விழுறதைப் பார்க்கக் கொழும்புக்குப் போகோணுமா? வீட்டில வழுக்கி விழு, நாங்கள் பார்க்கிறம்" என்றார். அம்மா கருவாட்டைப் பொதி செய்தார். அதைக் கண்டதும் போகிறோம் என்று விளங்கிவிட்டது.

விடிய முன்னம் பஸ் ஏறினோம். குறிஞ்சிப்பிட்டி தாண்டுவதற்குள் கருவாட்டு வாசம் பஸ் முழுக்கப் பரவி எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். புத்தளத்தில் வேறு பஸ். சிலாபத்தில் அம்மா எனக்கு வாழைப்பழம் வாங்கித் தந்தார். மடியில் சட்டை கசங்கக் கூடாதென்று நான் கொழும்பு போய்ச் சேரும் மட்டும் முதுகு சாயாமல் இருந்தேன்.

நிகழ்ச்சி நடக்கிற இடம் ஒரு பெரிய மண்டபம். உள்ளே சரியான குளிர், ஆனால் விளக்குக்குக் கீழே சூடு. ரீவியில் பெரிய வீடாகத் தெரிந்தது கிட்டப் போய்ப் பார்த்தால் நிறம் பூசிய பலகை. நிலத்தில் ஒரு சிவப்பு விரிப்பு. பிள்ளைகளை மர வாங்குகளில் வரிசையாக இருக்கச் சொன்னார்கள். அம்மா என்னை இருத்திவிட்டு, மாமா நின்று விளையாடுகிற இடத்துக்குப் போய்க் குனிந்து, உள்ளங்கையால் விரிப்பை அழுத்திப் பார்த்தார். விரிப்பின் ஓரத்தைத் தூக்கியும் பார்த்தார். ஊரார் வீட்டு நிலம் துப்பரவா என்று பார்க்கிறாரே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நிகழ்ச்சி தொடங்கியது. முடியப் போகிற நேரம் மாமா வாங்குகளைப் பார்த்து, "இண்டைக்கு ஆருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டார். நான் எழும்பினேன். என்னோடு இன்னொருத்தியும் எழும்பினாள். மஞ்சள் ரிப்பன், மஞ்சள் சட்டை, காலில் சப்பாத்து. மாமாவின் கண் என்மேல் பட்டது. பட்டது என்று சத்தியம் செய்வேன். பிறகு என்னைத் தாண்டிப் போய் அவளுடைய கையைப் பிடித்து முன்னுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"விழவா, பிள்ளை?"

அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. விழுந்த சத்தம் கேட்டது. அது எங்கள் கரையில் கேட்கிற 'தொப்' இல்லை. வேறொரு சத்தம். பிள்ளைகள் சிரித்ததில் அது அமுங்கிப் போனது.

பிறகு எங்களைப் பின்பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி. மாமா நிலத்தில் மல்லாக்கப் படுத்திருந்தார், கால் இரண்டும் ஒரு கதிரைக்கு மேல். சட்டையை உயர்த்தியிருந்தார். இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது நீலமும் பச்சையும் கோடு போட்ட துணி. என் பெட்ஷீற்றின் மிச்சம்.

"வா மருமகள்," என்றார், எழும்பாமல்.

"எனக்கு ஏன் விழல்ல?"

"உனக்கு இங்க விழமாட்டன்."

"அவளுக்கு விழுந்தீங்க."

"அவள் நிகழ்ச்சிக்கு வந்த பிள்ளை."

"நானும் நிகழ்ச்சிக்குத்தான் வந்தனான்!"

மாமா சிரித்தார். சிரிக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அம்மா பைக்குள்ளிருந்து தைலப் போத்தலை எடுத்துத் துணியை அவிழ்த்தார். முதுகைப் பார்த்துவிட்டு உள்ளங்கையில் தைலத்தை ஊற்றினார். தேய்க்கத் தொடங்கினார். "அக்கா, அத்தானுக்குச் சொல்லாத," என்றார் மாமா. "சொன்னா, நான் சொன்னனான்தானே எண்டு சந்தோசப்படுவார்."

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினார். "விரிப்புக்குக் கீழ சீமெந்து. வெறும் சீமெந்து. மணல்ல விழப் பழகினவனுக்குச் சீமெந்தில என்ன தெரியும்? ஊரே நோகாது எண்டு சொல்லுது. அவனும் அதை நம்பிக்கொண்டெல்லோ போயிருக்கிறான்."

இப்போது நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். பிள்ளைக்கு விளங்கியது, மனம் இளகியது என்று. இல்லை. எனக்கு விளங்கியது, மனம் இளகவில்லை. சீமெந்து நோகுமென்றால் மஞ்சள் ரிப்பனுக்காக நொந்தாரே, எனக்காகவும் ஒரு தரம் நொந்தால் என்ன? ஊர் பேர் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் முதுகைக் கொடுத்தவர் எனக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறாரா? கல்பிட்டி வந்து சேரும் வரைக்கும் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அது பிழையென்று இன்றைக்கும் என்னால் முழுமனதாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "எப்பிடி இரிக்கிறான் கொழும்புத் துரை?"

"நல்லா இரிக்கிறான்," என்றார் அம்மா.

"விழுறவனுக்கென்ன குறை," என்றார் அப்பா. அவர் அப்படியே நினைத்துக்கொண்டு பல வருஷம் இருந்தார்.

அதற்குப் பிறகு நான் ஐஸ்காரர் வீட்டுக்குப் போகவில்லை. மாமா திருநாளுக்கு ஊருக்கு வந்தபோதும் அவரைப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள், நான் வலைக்கொட்டிலுக்குப் பின்னால் இருந்தேன். அவர் என்னைத் தேடி வந்தார். நான் முகத்தைத் திருப்பினேன். அப்படியே வளர்ந்தும்விட்டேன். பெரிய பிள்ளையான பிறகு யார் மாமாவிடம் போய், எனக்கு விழுங்கள் என்று கேட்பார்கள்?

நிகழ்ச்சி பல வருஷம் நடந்தது. பிறகு பொம்மையோடு வருகிற ஓர் இளம் பொடியனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு முதுகில் கத்தி வைத்தார்கள். கலியாணம் கட்டவில்லை, ஊருக்கே வந்துவிட்டார். பொல்லு ஊன்றிக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றவரை அப்பா நெடுநேரம் பார்த்தார். அதற்குள் அவருக்கும் வயது போய்விட்டது. உள்ளே போய்த் தான் இருக்கிற கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

"இதில இரு மச்சான். இது ஆடாது."

என் அப்பா மாமாவிடம் மன்னிப்புக் கேட்டது அவ்வளவுதான். அது போதும் என்று மாமா சொன்னார்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு மாமா என்னோடு இருக்கிறார். பின்னேரத்தில் கரைக்குக் கூட்டிப் போவேன். இப்போது கயிற்றை ட்ராக்டர் இழுக்கிறது. வரிசையாக நிற்க ஆளுமில்லை, விழ ஆளுமில்லை. போன கிழமை, அதுதான் நீங்கள் காணொளி போட்டு என் வயிறெரிந்த அன்று, போனை அவருக்குக் காட்டினேன். நீங்கள் எழுதியதையும் வாசித்துக் காட்டினேன், ஒவ்வொரு 'எங்கட மாமா'வையும் கொஞ்சம் அழுத்தித்தான் வாசித்தேன். அவர் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு ஈரமணலுக்கு மேலே காய்ந்த மணல் குவிந்த இடமாகப் பார்த்து நடந்தார். நின்றார். பொல்லை என்னிடம் நீட்டினார்.

"விழவா, மருமகள்?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். முதுகில் கத்தி வைத்த மனிதர். வைத்தியர் குனியவே கூடாதென்று சொல்லியிருக்கிறார். எனக்கு எல்லாம் தெரியும்.

"விழுங்க மாமா," என்றேன்.

கால் மடியவில்லை. கை பக்கத்தில் ஒட்டியிருந்தது. பாதி வழியில் இடுப்புக் கொஞ்சம் வளைந்தது, அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம். 'தொப்' என்றது மணல். படுத்தபடியே வெற்றுக் கையால் கயிறு இழுத்தார். நான் வாயைப் பொத்தாமல், வெட்கமில்லாமல், கண்ணீர் வரச் சிரித்தேன்.

பிறகு அவரால் எழும்ப முடியவில்லை. என்னாலும் தூக்க முடியவில்லை. ட்ராக்டர் ஓட்டுகிறவர் இறங்கி ஓடி வந்தார், வெளியூரிலிருந்து அந்தக் கிழமைதான் வேலைக்கு வந்த, தலை நரைக்கத் தொடங்கிய ஆள். கிட்ட வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இது ரீவி மாமா எல்லோ! எங்கட மாமா!" ஒரு கை மாமாவின் தோளுக்குக் கீழே, மறு கை சட்டைப்பைக்குள் போனைத் தேடுகிறது. "மாமா, ஒரே ஒருக்கா இன்னொரு தரம் விழுங்களேன், ஒரு வீடியோ எடுக்க."

"போனை உள்ளுக்கு வையும் தம்பி," என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

மாமா தலைமயிரெல்லாம் மணலாகக் கிடந்தபடி அவரைப் பார்த்துச் சொன்னார். "இது ரீவிக்கு இல்ல தம்பி. மருமகளுக்கு விழுந்தது. நீ தூக்கு."

ஆகவே, காணொளி கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். இல்லை. எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் தரமாட்டேன்.